அலறல் மட்டும் பாக்கி

அவள் வாயைத் திறந்தாள்.

மூச்சு வந்தது. சத்தம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டப்பிங் இயக்குநர் கையை உயர்த்தினார். திரையில் ஓடிய இந்திப் படம் நின்றது. பின்னால் போய், மறுபடி முதலிலிருந்து வந்தது.

கடல் மேல் ஒரு பாலம். அது இரண்டாகப் பிளக்கிறது. பள்ளி வேன் விளிம்பில் தொங்குகிறது. ஒரு தாயின் கையிலிருந்து பையனின் கை நழுவுகிறது. தாய் அலறுகிறாள்.

அந்த வாய்க்குத் தமிழில் ஒரு அலறல் வேண்டும்.

அலறலில் இந்தி என்ன, தமிழ் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. இருந்தாலும் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் போடுவார்களாம்.

பக்கத்து வீட்டு ஃப்ளாரன்ஸ் அக்காதான் கூட்டிவந்தாள். படங்களில் கூட்டக் குரல் கொடுப்பது அவள் பிழைப்பு. கும்பலாக நின்று ‘ஐயோ’, ‘ஓடுங்க’ என்று கத்த வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள்தான் உட்கார்ந்திருப்பாய், வா என்றாள். வந்த இடத்தில், அம்மா வேடத்துக்குப் பேச வேண்டியவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இயக்குநர் கும்பலை ஒரு பார்வை பார்த்தார். இவளைக் கூப்பிட்டார்.

இந்த மாதிரிப் படத்தை அவள் பார்த்ததே இல்லை. பாதி மும்பை இடிந்து விழுகிறது. பறந்து வந்து காப்பாற்ற வேண்டிய கதாநாயகனுக்குத் தலைமுடிகூடக் கலையவில்லை. தகரத்தில் பனியன் தைத்த மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு கோபுர உச்சியில் நிற்கிறான். கீழே இத்தனை பேர் செத்துக்கொண்டிருக்க, இவனுக்கு அங்கே என்ன வேடிக்கை?

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏம்மா, பெத்த புள்ள கையவிட்டுப் போவுது,” என்றார் இயக்குநர். காதில் மாட்டியிருந்த கருவிக்குள் அவர் குரல் மிகப் பக்கத்தில் கேட்டது. “அடிவயித்துலேர்ந்து வர வேணாமா?”

அதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அன்று, மழை விட்ட மறுநாள். தெரு முழுக்க ஒரே மட்டமாகத் தண்ணீர். மழைநீர்க் கால்வாயின் மூடியைத் தூக்கியவர்கள் திரும்ப மூடவில்லை. மகன் யுகேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தான்.

கை நழுவியது.

எதிரே டீக்கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

யாரும் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்க அங்கே சத்தம் எதுவும் எழவே இல்லை.

“நீ ஏன் கத்தல?”

இடுகாட்டிலிருந்து ஈரத்தலையோடு வந்து புருஷன் கேட்டது அது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் வேறெதுவும் கேட்டதில்லை. சோறுகூட.

அவள் தனக்குள் ஒரு பதில் வைத்திருந்தாள். என் தொண்டைக்கு வலு இல்லை. படைத்தவன் கொடுத்தது அவ்வளவுதான். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இரவில் கண்ணை மூடினாள்.

இன்று குரல் வராமல் போனால் அந்தப் பதில் நிற்கும்.

வந்துவிட்டால்?

வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

படம் மறுபடி ஓடியது. அந்தப் பொம்பளையின் உதட்டை மட்டும் பார், பையனைப் பார்க்காதே என்று ஃப்ளாரன்ஸ் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் உதட்டைத்தான் பார்த்தாள். பாலம் பிளந்தது. வேன் சாய்ந்தது. பையனின் ஒரு கால் செருப்பு கழன்று கடலில் விழுந்தது.

பார்த்துவிட்டாள்.

கை நழுவியது.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. வந்தது. இரண்டு தடித்த கதவுகளைத் தாண்டி வெளியே போனது. வாசலில் இருந்த வாட்ச்மேன் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் டீ டம்ளரோடு இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள்.

“இந்தக் கொரல இத்தன நாளா எங்கம்மா வச்சிருந்த?” என்றார் இயக்குநர். பாராட்டாகத்தான் சொன்னார்.

பதிவு செய்ததைப் போட்டுக் காட்டினார்கள். தாய் அவள் குரலில் அலறினாள். காலையிலிருந்து கோபுர உச்சியில் சும்மா நின்றவன் சட்டென்று தலையைத் திருப்பினான். காதில் விழுந்துவிட்டது. பாய்ந்து வந்து, தண்ணீரைத் தொடும் முன்பே பையனைப் பிடித்துவிட்டான்.

அவளுக்குத் தன் தொண்டையைத் தானே நெரித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இன்னும் ஒரே ஒரு வசனம். ‘தெய்வமா வந்தீங்க, கோடி நன்றி’ என்று காகிதத்தில் எழுதியிருந்தது. திரையில் தாய் மகனைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து, இந்தியில் என்னவோ சொன்னாள்.

இவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

“கத்துனா போதுமா? வந்துருவீங்களா?”

இயக்குநர் கையை உயர்த்தினார். “வசனம் அது இல்லம்மா.”

“ஒதட்டுல அப்படியே ஒக்காருது சார்,” என்றார் பக்கத்திலிருந்த சவுண்ட் இன்ஜினியர். “பாருங்க.”

போட்டுக் காட்டினார்.

தாய் கேட்டாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். லேசாகச் சிரித்தான். பிறகு, மும்பையில் என்றைக்கோ படம் பிடித்தபடியே, ஆமாம் என்று தலையாட்டினான்.