எட்டுப் பக்க மனு

"ஏனுங்க, அந்தப் பாரத்த இன்னைக்காச்சும் எழுதிப் போடறீங்களா?"

காப்பித் தம்ளரை வைத்துவிட்டுக் கேட்டாள் பொன்னாத்தாள். கந்தப்பன் மாஷ் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை.

"மலையாளத்துல இருக்குது புள்ள. நான் எழுத மாட்டேன்."

மலையாள நாட்டில், நல்லேப்பிள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் அவர். தனக்குப் பிறகு பென்ஷன் பொன்னாத்தாளுக்குப் போக வேண்டுமென்றால், அவள் பெயரை அந்தப் பாரத்தில் எழுதி டிரஷரியில் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு பக்கம்தான். நாலு வருஷமாக அது அலமாரிக்குள் சௌக்கியமாகப் படுத்திருந்தது.

"தமிழன் தமிழ்ல எழுதறதுக்கு இங்க உரிமை இருக்குது. அதைய விட்டுக் குடுக்கச் சொல்றயா?"

"மூணு மணி லாட்டரி ரிசல்ட்டு மலையாளத்துலதானுங்களே வருது? அதைய மட்டும் கடகடன்னு படிக்கறீங்க."

"அது வெறும் நம்பரு!"

பொன்னாத்தாளின் குரல் இறங்கியது. "அடுத்த ஊட்டு மாஷும் நாளைக்கு நாளைக்குன்னுதானுங்க இருந்தாரு. போய்ச் சேந்துட்டாரு. அந்தக்கா இன்னும் ஆபீஸ் ஆபீஸா அலையறாங்க. எனக்கும் அந்தக் கெதிதானுங்களா?"

மாஷுக்குச் சுருக்கென்றது. சட்டென்று பேனாவை எடுத்தார். அப்பாடா என்றிருந்தது பொன்னாத்தாளுக்கு.

அவர் எழுதியது பாரத்தை அல்ல, மனுவை. பாரத்தைத் தமிழில் தர வேண்டுமென்று கலெக்டருக்கு எட்டுப் பக்கம்.

மனு ஊரையே கலக்கிவிட்டது. வாசகசாலையில் கூட்டம், கைதட்டல், வாட்ஸ்அப்பில் போட்டோ. 'மொழிக்காவலர்' என்று பட்டம் கொடுத்தார்கள். மாஷ் வேண்டாம் வேண்டாம் என்று கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டார்.

மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தவரிடம், "அந்தப் பாரமுங்க..." என்று ஆரம்பித்தாள் பொன்னாத்தாள்.

"போராட்டம் நடக்கறப்ப குறுக்க பேசாத" என்றார் மாஷ்.

ஓணம் முடிந்த கையோடு, டிரஷரி கிளார்க் ஜோஸே வீடு தேடி வந்துவிட்டார். கையில் புத்தம்புதிய தமிழ்ப் பாரம்.

"மாஷே, ஜெயிச்சிட்டீங்க! தமிழ் ஆளுங்க எல்லாரும் எழுதித் தந்தாச்சு. இனி மாஷோடது மாத்திரம்தான் பாக்கி. இப்பவே எழுதித் தந்தா நானே கொண்டு போறேன்."

பொன்னாத்தாள் ஓடிப்போய்க் கண்ணாடியும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

மாஷ் முதல் வரியைப் படித்தார். 'ஓய்வூதியரின் மரணத்திற்குப் பின்...'

அங்கேயே நின்றுவிட்டார். நாலு வருஷமாகப் பாரத்தைத் தொடாததும் இந்த வரிக்குப் பயந்துதான். எந்த மொழியில் எழுதினாலும் சாகப்போவது அவர்தானே.

கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"என்ன தமிழ் இது? மரணமாமா, மரணம்! 'இறப்பு'ன்னு நல்ல தமிழ்ல போட வேண்டாமா? இதுக்கு ஒரு மனு எழுதோணும்."

ஜோஸ் திருதிருவென்று பொன்னாத்தாளைப் பார்த்தார்.

அவள் பேனாவை எடுத்து மாஷின் விரல்களுக்கு நடுவே செருகினாள்.

"அது கெடக்கட்டுங்க. பொன்னாத்தாள்ங்கறது நல்ல தமிழ்தானுங்களே? மொதல்ல அதைய எழுதுங்க."