சனிக்கிழமைக் குரங்குகள்

எட்வர்டு மகாராஜா காலம். சிங்கப்பூரில் புக்கித் தீமா காட்டுக்குள்ளே ஒரு இரும்புக் கூண்டு. உள்ளே வெள்ளைக்காரத் துரை. வெளியே குரங்குகள்.

குரங்கு மனசில் என்ன நினைக்கிறது என்று, அது வாழுகிற இடத்திலேயே இருந்து பார்த்துப் புத்தகம் எழுதப் போகிறாராம். காலையில் அவரை உள்ளே வைத்துப் பூட்டி, சாயங்காலம் திறந்துவிடுவதுதான் சேதுபதிக்கு உத்தியோகம். ஊரில் சொன்னால் யாராவது நம்புவார்களா!

துரையின் சட்டம் ஒன்றே ஒன்று. குரங்குக்கு எவன் தீனி போட்டாலும் அன்றைக்கே வேலை போச்சு.

"சேதுபதி! கண்டுபிடிச்சாச்சு!" துரை கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தார். ரப்பர் தோட்டத்தில் பழகிய தமிழ் அவருக்கு. "தினம் குரங்கு வருது. சனிக்கிழமை காலை மட்டும் ஒண்ணும் வரல. ஏன்? குரங்குக்கு மதம் இருக்கு! சாமி கும்பிடப் போகுது!"

"அப்படீங்களா துரை?" சேதுபதி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான்.

அடுத்த சனிக்கிழமை துரையைப் பூட்டிவிட்டு, அவர் பார்த்துவரச் சொன்னபடி குரங்குகள் போன வழியே போனான். மேட்டுக்கு அந்தப் பக்கம் பாறையடியில் துரையின் சமையல்காரர் முகைதீன் பாய் உட்கார்ந்து, வாழைப்பழங்களைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் குரங்குப் பந்தி.

"அடப்பாவி மனுஷா! துரை தலையில மிளகாய் அரைக்கிறீங்களா? குரங்கு சாமி கும்பிடுதுன்னு அவரு சீமைக்கே எழுதப் போறாரு! நடங்க கூண்டுக்கு. இதை மறைச்சா நான் நெத்தியில நாமம் போடுறதுக்கே அர்த்தமில்ல."

பாய் கைலியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"சொல்லுங்க தம்பி. வேலை போனா போகட்டும். நீங்க நல்லா நடமாடுறீங்களே, அது போதும்."

"என்ன உளறல் இது?"

"போன வருஷம் சிராங்கூன் ரோட்டு அறையில குளிர்காய்ச்சல்ல கிடந்தீங்களே, ஞாபகமிருக்கா? என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஆஞ்சநேயா, பிழைச்சா சனிக்கிழமை தவறாம குரங்குக்குப் பழம் போடுறேன், முகைதீன் பாய் சாட்சி'ன்னீங்க. எழுந்ததும் மறந்துட்டீங்க. எனக்குப் பயமாயிடுச்சு. மறுபடி காய்ச்சல் வந்துட்டா? உங்க சாமி நாளைக்கு சாட்சியையும் கூப்பிட்டுக் கேட்டா நான் என்ன பதில் சொல்ல? அதான், நான் நட்ட மரத்துப் பழத்தைக் கொண்டாந்து போடுறேன்."

சேதுபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூண்டுக்குத் திரும்பி நடந்தான். பின்னாலேயே பாயும் வந்தார், தலை குனிந்தபடி.

துரை பென்சிலும் நோட்டுமாகக் காத்திருந்தார். "சொல்லு சேதுபதி! குரங்கு எங்கே போச்சு?"

"நீங்க சொன்னதுதான் துரை. சனிக்கிழமையானா குரங்குக்குக்கூட சாமி ஞாபகம் வந்துடுது. மறந்துபோனது நான்தான்."