ஜன்னலோர இருக்கை

சொந்தப் பணத்தில் படித்த பைலட்டுகள் விமானத்துக்குள் உட்கார்ந்து ஓட்டுவார்கள். ஜெனிட்டா அரசுக் கடனில் படித்தவள். கடன் தீரும்வரை தரையை விட்டு எழும்ப அவளுக்கு அனுமதியில்லை. தூத்துக்குடியில் ஜன்னலில்லாத ஓர் அறையிலிருந்து ரிமோட்டில்தான் விமானத்தை ஓட்டுவாள். எதிரே திரையில் வெறும் எண்கள் ஓடும்.

அன்று அவள் ஓட்டிய சென்னை விமானத்தில் அப்பா சூசை முதன்முறையாக ஏறியிருந்தார். ஜன்னலோர இருக்கையை அவளே பார்த்துப் பதிவு செய்திருந்தாள். விமானத்தை இறக்கிய கையோடு அவருக்குப் போன் செய்தாள்.

“எப்பா, மேகத்துக்குள்ள போனோம்லா, எப்பிடி இருந்துச்சு?”



“நான் எங்கட்டி பாத்தேன்! முன்னால பைலட் ரூம் கதவு இருக்குல்லா… நீ உள்ள இல்லன்னு தெரியும். இருந்தாலும் கடைசிவரைக்கும் அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன்.”