பந்தயத்தை விட்டுக்கொடுத்தவர்

ஆரஞ்சு நிற உயிர்காப்புச் சட்டை மட்டும் தண்ணீரில் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அதைப் போட்டிருந்த ஆளைக் காணவில்லை.

அது யாருடையது என்று படகுத்துறையில் நின்ற அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தது அவள் கணவரின் படகு. "ஐயோ, யாராவது போங்களேன், அவருக்கு நீச்சல் சரியா வராது" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

முன்னால் போன பாய்மரப் படகுகள் எதுவும் திரும்பவில்லை. பின்தங்கி வந்த ஒரு படகுதான் திரும்பியது. அதில் இருந்தவர் யாரென்று தெரிந்ததும் அவளுக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போய்விட்டது. அவள் கணவரின் முதலாளி.

ஐந்து நாடுகளில் அலுவலகம் வைத்திருக்கும் மனிதர். இரக்கத்துக்கு மட்டும் எங்கேயும் கிளை திறக்கவில்லை. சொந்தத் தம்பி ஆஸ்பத்திரியில் இழுத்துக்கொண்டிருந்த அன்றுகூடப் பந்தயத்தை முடித்து, கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினார். அவர் போய்ச் சேர்வதற்குள் தம்பி போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கம்பெனியில் பதவி உயர்வு வேண்டுமானால் படகு ஓட்டப் பழக வேண்டும். பழகி, அவரிடம் தோற்க வேண்டும். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த அவள் கணவர், அலையைப் பார்த்தாலே வாந்தி எடுப்பவர், முதலாளி வாங்கிக் கொடுத்த படகில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது அப்படித்தான்.

ஒருமுறை முதலாளி அவர்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். கயிறு இழுத்துக் காய்த்துப்போன உள்ளங்கையை நோண்டிக்கொண்டே பேசினார். உரிந்து வந்த தோலைத் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தார். பிள்ளைகள் எதிரிலேயே அவள் கணவரை "டேய்" என்று கூப்பிட்டு, தண்ணீர் எடுத்துவரச் சொன்னார்.

அவர் போனதும் அந்தத் தட்டைக் கழுவ மனம் வராமல் குப்பையில் போட்டாள். அவர் பேச்சை எடுத்தாலே அன்றிலிருந்து அவளுக்குக் குமட்டும்.

அந்த மனிதர்தான் இப்போது பாயை இறக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தார். மூழ்கி எழுந்தவர் கையில் அவள் கணவரின் காலர் இருந்தது.

கரைக்குக் கொண்டுவந்து கம்பளி போர்த்தினார்கள். அவள் ஓடிப்போய்க் கணவர் தலையைத் துவட்டினாள். காலையில் கார் நிறுத்துமிடத்தில் அவர் கொடுத்த மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் பையிலிருந்து எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கழற்றாத மோதிரம்.

"பத்திரமா வச்சுக்கோன்னு கொடுத்தீங்களே. காலையிலயே உங்க மனசுக்கு ஏதோ பட்டிருக்கு" என்று அழுதாள்.

"குளிருதும்மா" என்று மட்டும் சொன்னார் கணவர். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் கிளப்பின் கூடத்தில் தலைமை நடுவர் எழுந்தார். "உயிரைக் காப்பாத்த நின்னதுக்காக ஒருத்தர் தோத்துடக் கூடாது. அது இந்த விளையாட்டோட விதி. இதுவரைக்கும் நடந்த பந்தயங்கள்ல அவர் எடுத்த சராசரிப் புள்ளியையே இன்னிக்கும் கொடுக்கிறோம். அதனால இந்த வருஷக் கோப்பையும் அவருக்குத்தான்."

கூடமே எழுந்து கை தட்டியது. அன்று நடந்த கடைசிப் பந்தயத்தில் முதலில் வந்தும் கோப்பையைக் கோட்டைவிட்ட பல் டாக்டர்தான் எல்லோரையும்விட அதிகமாகத் தட்டினார்.

அவளுக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது. ஒரு தட்டை வைத்து ஒரு மனிதரை எடைபோட்டுவிட்டோமே என்று கூசிப்போனாள். காலில் விழுந்தாவது நன்றி சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினாள்.

"இப்ப வேண்டாம், அவர் களைச்சுப்போயிருப்பார். நாளைக்கு நான் ஆபீஸ்ல சொல்லிக்கிறேன்" என்று கணவர் கையைப் பிடித்தார்.

"உங்க உயிரைக் காப்பாத்திக் கொடுத்திருக்கார். நாளைக்கு என்ன நாளைக்கு?" அவள் கையை உதறிவிட்டு நடந்தாள். அவரும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே வந்தார்.

உடைமாற்றும் அறைக்கு வெளியே முதலாளி தனியாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் கோப்பை. உள்ளங்கையை நோண்டி, உரிந்த தோலை அந்தக் கோப்பைக்குள்ளேயே போட்டுக்கொண்டிருந்தார். அவள் அதைப் பார்க்காமல் கை கூப்பினாள்.

"சார், உங்களைப் பத்தி மனசுக்குள்ள என்னென்னவோ நினைச்சிருக்கேன். மன்னிச்சிடுங்க. கோப்பையே போனாலும் பரவாயில்லன்னு குதிச்சீங்களே, அதை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"சார்..." என்றார் கணவர் பின்னாலிருந்து.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, வேலையை ஒழுங்காக முடித்த சிப்பந்தியிடம் சிரிப்பதுபோல் சிரித்தார்.

"நீ கரையில நின்னு கத்துனே பாரு, அதுதாம்மா பிரமாதம். நடுவரே ஆடிப்போயிட்டார்."

கட்டைவிரலால் அவள் கணவரைக் காட்டினார்.

"இவன்தான் சொதப்பிட்டான். ரிகர்சல்ல இதைவிட நல்லா விழுந்தான்."