யார் வண்டி குடிக்குது?

புது பிக்கப் வண்டி ரவூப்புக்குப் போன நாளிலிருந்து தங்கராஜுவுக்குச் சோறு இறங்கவில்லை.

பன்னிரண்டு வருஷமாக அந்த சிராங்கூன் ரோடு மளிகைக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன் அவன். நேற்று வந்தவனுக்குப் புது வண்டியா? முதலாளி சாகுல் ஹமீதிடம் கேட்டே விட்டான்.

"அவன் முட்டை ஏத்தறான் லா! சுவா சூ காங் பண்ணையிலேர்ந்து சிராங்கூன் ரோடு வர்றதுக்குள்ள உன் வண்டியில பாதி உடைஞ்சிடும். புதுசுல ஸ்பிரிங் மெத்துமெத்துன்னு இருக்கு."

"முட்டைக்குச் சொகுசு. என் முதுகுக்கு?"

"நீ ஏத்தறது பூசணிக்காய். அது எங்கிட்ட வந்து கேட்டுச்சா?"

கடையே சிரித்தது. ரவூப்பும் சிரித்தான். அதைத்தான் தங்கராஜுவால் பொறுக்க முடியவில்லை.

அவனுடையது வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட வண்டி. பள்ளத்தில் இறங்கினால் தலை கூரையில் இடிக்கும். பெட்ரோல் காட்டும் முள் எப்போதோ செத்துவிட்டது. எதிரே ரவூப் சோபாவில் உட்கார்ந்த மாதிரி கையசைத்துக்கொண்டே போவான். வயிறு எரியாதா?

புது வண்டி வந்த கையோடு முதலாளி ஒரு சட்டமும் போட்டார். திங்கட்கிழமை இரண்டு வண்டிக்கும் டேங்க் நிறையப் பெட்ரோல். சனிக்கிழமை வரை ஓட வேண்டும்.

"தாங்கலேன்னா பழசை வித்துடுவேன். வண்டி இல்லாம டிரைவர் எதுக்கு?"

நாலு மாசமாக வாராவாரம் கிழட்டு வண்டி தாங்கியது. புதுசு வெள்ளிக்கிழமையே நின்றது!

"வண்டியில என்ன இருக்கு? ஓட்டற கையில இருக்கு," என்று தங்கராஜு தேக்கா மார்க்கெட் முழுக்கப் பீற்றிக்கொண்டான். முதலாளி காதிலும் போட்டு வைத்தான். "புது வண்டி இப்படிக் குடிக்குமா? அவன் எண்ணெயை எடுத்து விக்கிறான், முதலாளி."

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் பின்சந்தில் காத்திருந்து கையும் களவுமாகப் பிடித்தான். புது வண்டியின் டேங்க்கில் ரப்பர் குழாய். ரவூப் கையில் நிறைந்த டின்.

"முதலாளி! ஓடியாங்க! திருடன் மாட்டிக்கிட்டான்!"

முதலாளி வந்து பார்த்தார். முகம் சிவந்தது. "யாருக்குடா விக்கிறே?"

ரவூப் டேங்க்கிலிருந்து குழாயை உருவினான்.

"சாவியைக் குடு. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே. தங்கராஜு, இனிமே புதுசு உனக்கு."

விருட்டென்று உள்ளே போய்விட்டார்.

தங்கராஜுவுக்கு நாலு மாசத்து எரிச்சலும் ஒரே நிமிஷத்தில் அடங்கியது. "ஏன்டா, அவர் கேட்டப்போ வாயில என்ன கொழுக்கட்டையா?"

ரவூப் பக்கத்தில் நின்ற பழைய வண்டியின் டேங்க் மூடியைத் திருகித் திறந்தான். டின்னைச் சாய்த்து ஊற்ற ஆரம்பித்தான்.

"டேய், என்னடா பண்றே?"

"சத்தம் போடாதீங்கண்ணே, அவருக்குக் கேட்டுடப்போகுது. முதல் வாரமே உங்க டேங்க்ல குச்சி விட்டுப் பார்த்தேன். உங்க வண்டி வியாழக்கிழமைக்கு மேல தாங்காது. நாலு மாசமா நான்தான் ஊத்தறேன். நான் ஒண்டி ஆளு, எங்கேயாவது வேலை தேடிக்குவேன். உங்க வீட்டுல ஏழு பேரு சாப்பிடணும்."

கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு டின்னைக் கீழே வைத்தான்.

தங்கராஜு அவனைப் பார்க்க முடியாமல் கடைக்குள் போனான்.

"முதலாளி, குடிக்கிறது என் வண்டிதான். அதை வித்துடுங்க. புதுசை ரவூப்பே ஓட்டட்டும்."