வாத்துப் படத்தில் மறைத்த காட்சி

திரையில் வாத்துக் குடும்பம் குளக்கரையை நெருங்கியதும் செயலாளர் மடியிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கூடமே திரும்பிப் பார்த்தது.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் அவர். மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கீழ்த்தளக் கூடத்தில், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பார்க்க ஒரு படம் போடுவார்கள். அதை அவர் முதல் நாளே வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்துவிடுவார். ஆகாத காட்சி வந்தால் மறுநாள் புரொஜெக்டரின் கண்ணை அட்டையால் மூடுவார்.

புதுச் சட்டைக்குள் மடித்து வருகிற சாதாரண அட்டைதான். அவர் கையில் செங்கோலாகிவிடும்.

முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'கத்திரி' என்று பெயர். அவருக்கும் தெரியும். பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

முதலில் படத்தை மட்டும்தான் மறைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை காதல் காட்சியொன்றை அட்டை மறைக்க, சத்தம் மட்டும் கூடத்தில் உலாவி, பார்த்திருந்தால் புரிந்திருக்கக்கூடியதைவிட அதிகமாகவே பிள்ளைகளுக்குப் புரிந்துபோயிற்று. அன்றிலிருந்து ஒரு கையில் அட்டை, மறு கையில் ரிமோட். படமும் போகும், சத்தமும் போகும்.

அந்த ரிமோட்தான் போன வாரம் காணாமல் போனது.

கடைசியாகத் தொட்டவள் மகள்தான் என்று அவரே முடிவு கட்டினார். லிஃப்ட் வாசலில், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேர் முன்னாலும் அவளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கினார். "தொலைக்கறதும் தொலைச்சிட்டு எடுக்கலேன்னு பொய் வேறயா?" ஒவ்வொரு மாடியிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

மறுநாள், துவைக்கப் போட்ட அவருடைய பேண்ட் பையிலிருந்தே ரிமோட் வந்தது.

மனைவி அதைக் கொண்டுவந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த மகள் பார்த்தாள். அவர் தண்ணீர் குடித்தார்.

சங்கத்தாரிடம் "கிடைச்சிருச்சு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மகள் அவரோடு பேசவில்லை. கலர் பென்சில் டப்பா வாங்கி வந்தார், பிரிக்காமல் கிடந்தது. செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்; அம்மா பக்கம் திரும்பி, "என்னவாம்?" என்று கேட்டாள். பொதுக்குழுவையே ஒரு கனைப்பில் அடக்குகிறவருக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையின் வாயிலிருந்து ஓர் 'அப்பா' வரவழைக்க முடியவில்லை.

ஒவ்வொரு மாதமும் எந்தப் படம் என்று ஒரு பிள்ளை சொல்ல வேண்டும். இந்த மாதம் அவள் முறை. வாத்துப் படம் வேண்டுமென்று அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினாள்.

சமாதானத் தூது! அவருக்கு உச்சி குளிர்ந்தது. இருட்டில் பக்கத்தில் வந்து உட்காருவாள், எங்கேயாவது சேர்ந்து சிரிப்போம், அத்தோடு தீர்ந்துபோகும். யாரும் யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியிராது.

நேற்று படத்தைத் தனியாகப் பார்த்தார். பார்த்துவிட்டு அட்டையைத் தேடி எடுத்தார்.

மகளோ இன்று முன் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

திரையில் மழை பிடித்தது. கோபித்துக்கொண்டு ஓடிய குட்டி வாத்து நாணலுக்குள் ஒளிந்தது. அப்பா வாத்து தேடிக்கொண்டு வந்தது.

அட்டை மூடியது. கூடம் இருண்டது. சத்தமும் நின்றது.

"வாத்துப் படத்துல மறைக்கறதுக்கு என்னங்க இருக்கு?" மூன்றாம் மாடிப் பல் டாக்டர்.

"அதுங்க என்னிக்குத் துணி போட்டிருக்கு, இன்னிக்குப் புதுசா மறைக்க?" டாக்டரின் மனைவி.

சிரிப்பு பரவியது. ஒரு தாய், அந்தக் கும்மிருட்டிலும், எதற்கும் இருக்கட்டும் என்று மகனின் கண்ணைப் பொத்தினாள்.

"நம்ம பண்பாட்டுக்குச் சரிப்படாத இடம்," என்றார் செயலாளர் கம்பீரமாக. "பிள்ளைங்க பார்த்தா கெட்டுப்போகும்."

அப்போது முன் வரிசையிலிருந்து மகளின் குரல் வந்தது. பாடம் ஒப்பிப்பதுபோல, தெளிவாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

"தப்பு என்னோடதுதான். எனக்கு அது அப்பவே தெரியும். சொல்லத்தான் வாய் வரல. என்னை மன்னிச்சிடு."

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"ரிமோட்டத் தொலைச்சதுக்குச் சொல்லுது, பாவம்," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

பொருளாளர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "இதுதாங்க வளர்ப்பு! எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கே, தலைகீழா நிக்க வெச்சாலும் சாரின்னு ஒரு வார்த்தை வராது. சார், குழந்தைய மன்னிச்சேன்னு சொல்லிடுங்க சார்!"

ஒருவர் கைதட்ட, கூடமே தட்டியது.

செயலாளர் பிடித்திருந்த அட்டை லேசாக விலகியது. திரையோரத்தில் ஒரு பக்கம் வெளிச்சம் கீற்றாக எட்டிப் பார்த்தது. இன்னொரு கையையும் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் ஒருமுறை கனைத்தார்.

"சரி சரி," என்றார். "மன்னிச்சாச்சு."

கைதட்டல் இரட்டித்தது. முன் வரிசையில் ஒரு தலை மட்டும் திரும்பி அவரைப் பார்த்தது. பிறகு திரைப் பக்கமே திரும்பிக்கொண்டது.

காட்சி முடிந்திருக்கும் என்று கணக்குப் பண்ணி அவர் அட்டையை எடுத்தார். மழை விட்டிருந்தது. அப்பா வாத்தும் குட்டி வாத்தும் பக்கத்தில் பக்கத்தில் நீந்திக்கொண்டிருந்தன.

கூடத்தில் அந்தப் படத்தை முன்பே பார்த்திருந்தவர்கள் அவரும் மகளும்தான். வசனத்தில் அவள் ஒரு வார்த்தைகூட மாற்றவில்லை.

படத்தில் அதைச் சொல்வது அப்பா வாத்து.