ஊசி வேண்டாமென்றவர்

ஹரோவில் அந்த வீட்டு வாசலில் நின்று, பன்றிப் பண்ணையில் வேலை செய்யும் யோகேஸ்வரன் தன் சப்பாத்தின் அடிப்பக்கத்துக்குக் கிருமிநாசினி அடித்தான். இத்தனைக்கும் உள்ளே இருந்தது பன்றி இல்லை, அவனுடைய ஒன்றுவிட்ட அக்கா தர்ஷினி. சுத்தம் சோறு போடும் என்பது உண்மையானால், அவன் இந்நேரம் ஊருக்கே பந்தி வைத்திருக்க வேண்டும்.

அவனுக்குப் பின்னால் யாக்கோப்பு வந்தார். ஹேர்ஃபீல்ட் பக்கம் குத்தகை நிலத்தில் பதினான்கு தாய்ப் பன்றிகள் வளர்ப்பவர். ஒன்பது நாளில் அறுபத்தொரு குட்டிகளைச் சாகக் கொடுத்திருந்தார். எல்லாம் மூச்சுக்கு இழுத்து இழுத்துச் செத்தவை.

செத்த குட்டிகளையும் தாய்ப் பன்றிகளின் ரத்தத்தையும் சோதித்தது தர்ஷினி வேலை செய்யும் ஆய்வுகூடம். அறிக்கை திங்கட்கிழமைதான் வெளியே போகும். அதுவரை பொறுக்க யாக்கோப்பால் முடியவில்லை என்பதால், சனிக்கிழமை மத்தியானமே அவரைத் தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள்.

தேத்தண்ணி கொடுத்தாள். அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை. ஆடை படிந்து ஆறிப்போயிற்று.

"பிள்ளை, சுத்தி வளைக்காமச் சொல்லு. நான் தடுப்பூசி வேண்டாமெண்டதாலதானே எல்லாம் செத்தது?"

அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். அழுகிறவருக்கு ஆறுதல் சொல்லலாம். மரத்துப்போய் இருக்கிறவருக்கு என்ன சொல்வது என்று தர்ஷினிக்குத் தெரியவில்லை.

"ஊசி போடுங்கோ எண்டு இவன் மூண்டு மாதமாத் தலைப்பாடா அடிச்சவன்," என்று யோகேஸ்வரனைக் காட்டினார். "இவன் வேலை செய்யிற பெரிய பண்ணையில மூவாயிரத்துக்கும் ஊசி. ஒரு இருமல் இல்லை. நான்தான் கேக்கேல்லை. நோய் வருத்தமில்லாத பன்றிக்கு ஊசி என்னத்துக்கு எண்டு கேட்டனான்."

யாக்கோப்பு வீட்டில் இந்த வழக்குக்கு ஏற்கனவே தீர்ப்பாகியிருந்தது. மனைவி மனோரமா ஒன்பது நாளாக அவரோடு பேசவில்லை. பிழை தன்னுடையது என்றால் பன்றி வளர்ப்பையே விட்டுவிடுகிறேன் என்று அவரும் சொல்லிவிட்டார். இருபது வருடம் கடையில் நின்று, ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டுத் தொடங்கிய தொழில் அது.

யோகேஸ்வரன் குனிந்த தலை நிமிரவில்லை. செத்த குட்டிகளைக் காலில் பிடித்துத் தூக்கி லொறியில் ஏற்றியவன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் யாக்கோப்பு சர்ச்சுக்குப் போனால், அந்தப் பன்றிகளுக்குத் தீன் வைப்பவனும் அவன்தான். கூடப் பிறந்த தம்பிகூட இவ்வளவு செய்ய மாட்டான்.

"அண்ணை, ஊசி போடாததால இல்லை," என்றாள் தர்ஷினி. "ஊசியாலதான்."

யாக்கோப்பு அவளைப் பார்த்தார்.

"குட்டியளின்ர நுரையீரலில இருந்தது ஊசி மருந்தில இருக்கிற அதே வைரஸ். அது உயிருள்ள வைரஸ் அண்ணை, பலத்தைக் குறைச்சு மருந்தாக்கியிருப்பினம். பழகின பன்றியளுக்கு ஒண்டும் செய்யாது. அதை முந்திக் கண்டிராத சினைப் பன்றிக்குள்ள போனால், வயித்தில இருக்கிற குட்டியைப் பிடிச்சுக்கொள்ளும்."

"நான் ஊசியே போடேல்லையே."

"ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

அவள் பார்வை தம்பியின் கால் பக்கம் போயிற்று. யாக்கோப்பு அதைக் கவனித்துவிட்டார்.

"அவனைப் பாக்காதை. குளிச்சு உடுப்பு மாத்தாமல் என்ர வேலிக்குள்ள கால் வைக்கமாட்டான். என்ர பண்ணைக்கெண்டு தனிச் சப்பாத்தே வச்சிருக்கிறான்."

"சப்பாத்தில வந்திருந்தால் ஒண்டில இருந்து ஒண்டுக்கு மெல்லப் பரவியிருக்கும் அண்ணை. ரத்தத்தைப் பாத்தால் பதினாலுக்கும் ஒரே நாளில தொத்தின மாதிரி இருக்கு."

யாக்கோப்பு கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப என்ர பிடிவாதத்தால இல்லை."

"இல்லை அண்ணை."

"நான் கொல்லேல்லை."

"இல்லை."

ஒன்பது நாளில் முதல் தடவையாக அவருக்கு ஏதோ உறைத்தது. முதலில் ஆறுதலாக இருந்தது. பிறகு கோபம் வந்தது, அதுவும் ஆறுதலாகத்தான் இருந்தது. மனோரமாவுக்குச் சொல்லலாம் என்று போனை எடுத்தவர், முதலில் ஆளைக் கண்டுபிடிப்போம் என்று திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எவனோ வேலி பாஞ்சு வந்து ஊசி குத்தியிருக்கிறான். வாயில்லாச் சீவன், அதுவும் வயித்தில பிள்ளையோட நிண்டதுகள். ஆரெண்டு கண்டுபிடிக்காமல் விடமாட்டன். உலகத்தில எனக்கெண்டு நம்பிக்கையா இருக்கிறவன் நீ ஒருத்தன்தான் தம்பி, நீயும் கூட நிக்கவேணும்."

சொல்லிக்கொண்டே யோகேஸ்வரனின் தோளில் கையைப் போட்டார். அவன் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டு, முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"எங்கட பண்ணைப் போத்தலில மிஞ்சின மருந்தை எறிய மனம் வரேல்லை, அண்ணை."